எழுத்தும் பிழைப்பும்

எழுதப் பழகும் இளைஞர் பலர் எம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. "எழுதிப் பிழைக்க முடியுமா?" என்பதே அது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் நேர்மையாகாது. எழுத்தாளராக வாழ்வது இயலும். ஆனால் எழுத்தின் வருவாயை மட்டும் நம்பி வாழ்வது இலங்கைத் தமிழரில் மிகச் சிலருக்கே கைகூடிற்று. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிந்தவர் நெடுங்காலம் எழுதுகின்றார். அறியாதவர் முதல் நூலோடு மனம் உடைந்து பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றார்.

நாம் வாழும் கொடிகாமம் தேங்காய்க்கும் பலாவுக்கும் மாங்கனிக்கும் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள தோட்டக்காரர் எவரும் தென்னங்கன்றை நட்ட மறுநாளே கடகத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் புறப்படுவதில்லை. இளந்தென்னைகளுக்கு நடுவே வாழையை வைத்து, அதன் வருவாயில் வீட்டை நடத்தி, தென்னை காய்க்கும் வரை பொறுத்திருப்பார். எழுத்துக்கும் இந்த முறையே பொருந்தும்.

பெரியோர் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். டொமினிக் ஜீவா பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். யாழ்ப்பாண நகரில் சிகையலங்கரிப்புத் தொழில் செய்தவர். அத்தொழிலைச் செய்துகொண்டே கதைகள் எழுதினார். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தினார். இதழ்களைத் தாமே சுமந்து சென்று, வாசகரைத் தேடிப்பிடித்து விற்றார். விற்பதை அவர் இழிவாக எண்ணியதில்லை. செங்கை ஆழியான் என்று நாம் அறிந்த க. குணராசா அரச நிர்வாக சேவையில் இருந்துகொண்டே நாவல்களை எழுதிக் குவித்தார். அவருடைய 'வாடைக்காற்று' 1978 இல் திரைப்படமாயிற்று. கொக்குவிலிற் பிறந்த அ. முத்துலிங்கம் கணக்காளர். 1964 இல் 'அக்கா' தொகுதியை வெளியிட்ட பின் நெடுங்காலம் ஓய்ந்திருந்து, 1990 களில் மீண்டும் எழுத வந்தார். இம்மூவருக்கும் கைத்தொழிலோ உத்தியோகமோ எழுத்துக்குப் பகையாகவில்லை. அவை உலையில் அரிசியிட்டன. எழுத்து தலைநிமிர்ந்து நின்றது. ஆதலால் எழுத்தாளராக விரும்பும் மாணவர் தம் படிப்பைக் கைவிடலாகாது என்பது எமது முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, வாசிப்பு. நமக்கு முன் எழுதியவரைப் படியாது எழுதுபவர், அவர்கள் சொன்னதையே அவர்களினும் மோசமாகச் சொல்ல நேரும். 'ஈழகேசரி', 'மறுமலர்ச்சி', 'மல்லிகை' முதலிய இதழ்களைத் தேடி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அலைய வேண்டிய காலம் கழிந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பயனாக ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் வீட்டிலிருந்தபடியே இலவசமாகப் படிக்கலாம். நாள்தோறும் ஒரு மணி நேரம் படிப்பும் ஒரு மணி நேரம் எழுத்தும் என்று வகுத்துக்கொள்பவர், மனம் வந்தபோது மட்டும் எழுதுபவரை ஈராண்டுகளில் முந்திவிடுவார்.

மூன்றாவது, பத்திரிகை. 1930 இல் தோன்றிய 'வீரகேசரி'யும் 1932 இல் தோன்றிய 'தினகரன்' பத்திரிகையும் தலைமுறை தலைமுறையாகப் புதியவரை உலகுக்குக் காட்டின. 2007 இல் அல்வாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'ஜீவநதி' போன்ற சிற்றிதழ்களும் அப்பணியைச் செய்தன. அனுப்புமுன் அந்த இதழை நான்கைந்து வாரமாயினும் படியுங்கள். ஒரு கதையை ஒரே வேளையில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிய நாளையும் இதழின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் சென்றும் விடை வராவிடின் பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, வேறிதழுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்த கதையைப் பற்றி வருந்துவது ஒரு நாளைக்குப் போதும். மறுநாள் அதைத் திருத்த உட்காருங்கள்.

அண்மையில் எம் ஊர்ப் பெண்ணொருத்தி பன்னிரண்டு சிறுகதைகளோடு எம்மிடம் வந்தாள். அவற்றை ஆயிரம் பிரதிகளாக அச்சிடுவதற்குத் தாயாரின் சங்கிலியை அடைவு வைக்கத் தீர்மானித்திருந்தாள். "அம்மா ஓமெண்டிட்டா, ஐயா. புத்தகம் வந்தாத்தானே ஆக்கள் எழுத்தாளர் எண்டு மதிப்பினம்" என்றாள். கதைகளில் நான்கு நல்லவை. ஒன்று மிக நல்லது. ஆயினும் நாம் ஒரு தாளை எடுத்து, நூலை விலை கொடுத்து வாங்கக் கூடியவர்களின் பெயர்களை எழுதுமாறு கேட்டோம். உற்றார், ஆசிரியர், தோழியர், அயலவர் என எண்ணி எண்ணி எழுதியும் பட்டியல் 120 ஐத் தாண்டவில்லை. "சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே கிடக்கட்டும், பிள்ளை. முதலில் இந்த நான்கையும் பத்திரிகைகளுக்கு அனுப்பு" என்றோம். அவள் முகம் வாடிற்று. ஆனால் அனுப்பினாள். இரண்டு திரும்பி வந்தன. ஒன்றுக்கு விடையே இல்லை. அந்த மிக நல்ல கதை மட்டும் அச்சேறிற்று. அதைப் படித்த முன்பின் அறியாத வாசகர் ஒருவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை அவள் எம்மிடம் கொண்டுவந்து காட்டினாள். அந்த வாசகரின் பெயர் 120 பேர் பட்டியலில் இல்லை. அத்தகையோரைப் பெருக்குவதே எழுத்தாளரின் முதலீடு.

நூல் வெளியிடும் காலமும் ஒருநாள் வரும். அப்போது அச்சுக் கணக்கை அறிந்திருத்தல் வேண்டும். பக்கம் அமைத்தல், பிழை திருத்தல், அட்டை வரைதல் ஆகியவற்றின் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஏறத்தாழ ஒன்றே. தாளும் கட்டும் மட்டுமே எண்ணிக்கையோடு கூடும். ஆதலால் பிரதிகள் பெருகப் பெருக ஒன்றின் அடக்கவிலை குறையும். புதியவரை மயக்குவது இக்கணக்கே. விற்கும் பிரதியின் அடக்கவிலை குறைந்தால் இலாபம். விற்காத பிரதியோ எவ்வளவு மலிவாயினும் நட்டமே. இன்று சிறிய எண்ணிக்கையிலும் அச்சிட வசதியுண்டு. முதலிற் குறைவாக அச்சிட்டு, தீர்ந்தபின் மீண்டும் அச்சிடுவதே அறிவுடைமை. ஐ.எஸ்.பி.என். எனப்படும் சர்வதேச நூல் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலகத்திற் பெற்றுக்கொள்ள மறவாதீர்கள். கடைக்குப் பிரதிகளைக் கொடுக்கும்போது எத்தனை பிரதி, எவ்வளவு கழிவு, எப்போது பணம் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

வெளியீட்டு விழாவைக் குறித்தும் ஒரு சொல். தலைமையுரை, நயப்புரை, ஏற்புரை எல்லாம் நம் பண்பாடு. அவற்றை நாம் குறை கூறோம். முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுவோர் உறையில் வைத்துத் தரும் பணம் அச்சுக் கடனைத் தீர்க்க உதவுவதும் உண்மையே. ஆனால் மண்டப வாடகையும் சிற்றுண்டியும் அழைப்பிதழும் அவ்வுறைகளை விழுங்கிவிடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலும், மரியாதைக்காக நூலைப் பெற்றவர் எல்லாரும் அதைப் படித்தவர் ஆகார்.

உரிமையையும் அறிந்து வையுங்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்கும். ஆகவே போட்டிக்கோ பதிப்பகத்துக்கோ எழுத்தை ஒப்படைக்குமுன் நிபந்தனைகளை முற்றாகப் படியுங்கள். ஒரு முறை வெளியிட இசைவு தருவது வேறு. எக்காலத்துக்கும் உரிமையை எழுதிக் கொடுப்பது வேறு.

இறுதியாகக் கூறுவது எம் மண் நமக்குக் கற்பித்த பாடம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அவற்றோடு போயின. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் கைப்பையோடு தென்மராட்சிக்கு வந்தனர். 2000 இல் தென்மராட்சியாராகிய நாமும் வீடுகளை விட்டு ஓடினோம். அந்த ஓட்டங்களில் அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கியவர்கள் கதைக்கட்டுகளைத் தூக்க இயலவில்லை. எத்தனை பேருடைய வாழ்நாள் எழுத்து கூரையோடு சாம்பலாயிற்று என்பதை எண்ணியவர் இல்லை. ஆதலால், இளைஞர்களே, எழுதியது எதுவாயினும் ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை வெளியூரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். கணினியில் ஏற்றி, கடல் கடந்த உறவுக்கும் ஒன்றை அனுப்பி வையுங்கள். இதற்குச் செலவு சிறிது. இந்த வேலையை இன்றிரவே செய்யலாம்.