கச்சி, தட்டட்டி, பத்ரா

மும்பை மாஹிமின் சொசைட்டிக் கட்டடங்களில் மொட்டை மாடிக்குப் பெயர் கச்சி. கதவுக்குப் பூட்டு, சாவி செக்ரட்டரியிடம். வடாம் காயப்போட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, லீக்கேஜ், பாதுகாப்பு என்று வரிசையாகக் காரணம் வரும். பல கட்டடங்களில் கச்சிக்கு மேலேயே தகர ஷெட். மாடிக்கு ஒரு கூரை! ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சென்னைக்கு ஆண்டு முழுவதும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. இங்கே ஜூலையில் மட்டும் 800-ஐத் தாண்டும்.

ஊரின் பழைய மாடிக்குப் பெயர் மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள், மேலே குத்துவாக்கில் அடுக்கிய செங்கல், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேரும். எல்லாம் இருந்தும் வாட்டம் தப்பினால் ஒழுகும்.

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையின் பூண்டு வயல்களும் மாடிகள்தாம். வேலை மட்டும் நேர் எதிர். வீட்டு மாடி தண்ணீரை விரட்ட வேண்டும், மலை மாடி நிறுத்த வேண்டும்.

மலபார் ஹில் தொங்கும் தோட்டம் இரண்டிலும் சேராது. 1880-களில் போட்ட புல்வெளி. அடியில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம். அங்கே உட்கார்ந்து கடலை கொறிப்பவர்கள் ஒரு தொட்டியின் மூடிமேல் இருக்கிறார்கள்.

மாஹிம் ஸ்டேஷனில் கிழக்கே இறங்கினால் தாராவி. இங்கே கூரைக்கு ஓய்வு கிடையாது. கழுவிய பிளாஸ்டிக் துகள் பத்ரா எனும் தகரக் கூரைமேல் காயும், பக்கத்திலேயே துணி. திருநெல்வேலிப் பக்கம் தட்டட்டியில் நெல்லும் மிளகாயும் காயவைத்த குடும்பங்கள் நிறைய உண்டு இங்கே. அவர்களுக்கு இதில் புதுமை இல்லை. புதுமை, அந்தக் கூரையே இன்னொருவர் வீட்டுத் தரையாவதுதான். கீழே ஓர் அறை, மேலே போட்மாலா எனும் மாடி அறை, வாசலில் செங்குத்தாக இரும்பேணி. மாநகராட்சி சொல்லும் உயரம் 14 அடி. ஏணிகளை எண்ணினாலே அந்த விதியின் மதிப்பு தெரியும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்பு இந்த ஏணியில்தான் கோடு கிழிக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தளக்காரருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசமாக. மேல்தளத்துக்காரருக்கு, 2022 நவம்பர் 15-க்குள் அங்கே இருந்ததைக் காட்டினால், தாராவிக்கு வெளியே எங்கோ ஒரு வாடகை வீடு. ஒரே முகவரி, ஒரே குழாயடி. வீட்டுக்காரர் கீழே, குடித்தனக்காரர் மேலே; சில வாசல்களில் அப்பா கீழே, கல்யாணமான மகன் மேலே.