கையடக்க மாரியோவும் எங்கள் வீட்டுத் திண்ணையும்

சிவப்புத் தொப்பி, தடித்த மீசை, கொஞ்சம் தொப்பை. குழாய் ரிப்பேர் செய்கிறவன் என்று சொல்வார்கள், ஆனால் அவன் ஒரு குழாயையும் ரிப்பேர் செய்து நான் பார்த்ததில்லை. வலது பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பான். பள்ளம் வந்தால் தாண்டுவான், காளான் கிடைத்தால் தின்று பெரிதாவான், ஆமை எதிரே வந்தால் ஏறி மிதிப்பான். 1990களில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இவனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ்! ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1985 செப்டம்பரில் வெளியிட்ட ஆட்டம். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் சேர்ந்து செய்தது. மனசை விட்டுப் போகாத அந்த இசை கோஜி கோண்டோ போட்டது. அமெரிக்காவில் அந்தக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கின் உரிமையாளர் பெயர் மாரியோ. அதையே இவனுக்கும் வைத்துவிட்டார்கள். வாடகை வாங்குகிறவர் பெயரைக் கதாநாயகனுக்கு வைத்தவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு அவன் வந்தது 1994ல். சென்னை பர்மா பஜாரில் வாங்கிய நகல் பெட்டி ஒன்று, இரண்டு கைப்பிடிகள், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டின் மேல் '9999 ஆட்டங்கள்' என்று போட்டிருந்தது. வீட்டில் கொண்டுவந்து பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டங்களே திரும்பத் திரும்ப வந்தன. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி அடிப்பக்கம் 'பூ' என்று ஊதிவிட்டு மறுபடி செருக வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது, ஆனாலும் தெருவிலுள்ள அத்தனை பையன்களுக்கும் தெரிந்திருந்தது.

மொத்தம் 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம், ஆக 32 கட்டம். இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம் என்று பிற்பாடு மகன் சொன்னான். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் நமக்கு வந்து விழுகிற ரோஜாப்பூ வணக்கப் படம் ஒன்றே அதைவிடப் பெரிது. இடத்தை மிச்சம் பிடிக்க வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே உருவமாக வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு எனக்கு மேகத்தைப் பார்த்தால் புதர், புதரைப் பார்த்தால் மேகம்.

அந்த ஆட்டத்தில் ஒரு கொடுமை உண்டு. விட்ட இடத்திலிருந்து தொடர வழி கிடையாது. மகன் ஏழாம் உலகம், எட்டாம் உலகம் வரை போயிருப்பான், கரண்ட் போய்விடும். அவ்வளவுதான். வந்ததும் மறுபடி முதலாம் உலகம், முதல் கட்டம். எத்தனை நூறு தடவை அந்த முதல் கட்டத்தை ஆடியிருப்பானோ! கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற அளவுக்கு வந்துவிட்டான். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அடுத்து எந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது, எந்தக் குழாயிலிருந்து செடி தலையை நீட்டும் என்று அவன் அம்மாவிடம் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பான். அவள், "இதுல பாதி சரித்திரத்துல இருந்தாப் போதும்" என்பாள்.

இனி கொஞ்சம் குடும்பக் கதை. அது இல்லாமல் அடுத்தது புரியாது.

எங்கள் ஊரிலிருந்து பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் தேதி கை மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்கலாம், மற்றவர்கள் இந்தியர்கள். என் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். சைகோனில் இருந்தவர், எழுதிக் கொடுத்தார். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் அண்ணன் பிரான்ஸ், தம்பி இந்தியா. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் இப்படி எத்தனையோ வீடுகள். பெரியப்பா மகன், எனக்கு நான்கு வயது மூத்த அண்ணன், 1972ல் பாரிஸ் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டார். வீடு மட்டும் பிரியாமல் இருந்தது. முன்னால் நீளத் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் இரண்டாம் கட்டு.

2000 ஜூலையில் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அவருடைய பாதியை விற்றுவிடலாம் என்ற யோசனையோடு வந்தார் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். அவரும் மறைக்கவில்லை. பிள்ளைகள் இனி இங்கே வந்து இருக்கப் போவதில்லை, பாரிசில் வீட்டுக் கடன் இருக்கிறது. நியாயம்தான். அவர் பங்கை நான் வாங்கிக்கொள்ள என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பத்திரத்தைப் பற்றிப் பேசாமல் மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம்.

அவருடைய இளைய மகனுக்கு அப்போது 12 வயது. என் மகன் பத்தாம் வகுப்பு. அவனுக்குப் பள்ளிக்கூடம், இவனுக்குக் கோடை விடுமுறை. முதல் இரண்டு நாள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை பையிலிருந்து உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றை எடுத்தான். மாரியோவின் அந்த இசை அதற்குள்ளிருந்து கேட்டது. புத்தகத்தை மூடிவிட்டு என் மகன் எழுந்து போனதை நான் பார்த்தேன்.

அது கேம்பாய் கலர், 1998ல் வந்த பெட்டி. இரண்டு பென்சில் செல் போட்டால் போதும். உள்ளே இருந்தது 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்'. 1985 ஆட்டத்தையே கைப்பெட்டிக்கென்று திருப்பிச் செய்து 1999ல் வெளியிட்டிருந்தார்கள். அந்தப் பெட்டியின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெயில் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். கேம்பாய் வகையை 1989ல் கொண்டுவந்த குன்பெய் யோக்கோய் என்ற பொறியாளர், விலை அதிகமான புதுப் பாகங்களைத் தேடிப் போகாமல், நன்றாகப் பழகிய மலிவான பாகங்களை வைத்தே புதுமை செய்ய வேண்டும் என்ற கொள்கைக்காரர். மீந்த இட்லியை நம் வீட்டுப் பெண்கள் உப்புமாவாக்குகிற கணக்கு. ஆகவே பையன்கள் இருவரும் பொழுது சாயும் வரை திண்ணையின் மேற்கு ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

அந்தச் சின்னத் திரையில் ஒரு சங்கதி இருந்தது. டி.வி.யில் ஆடும்போது படம் 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். கைப்பெட்டியில் 160க்கு 144. கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டில் மூன்று பங்குதான். மாரியோவைச் சின்னதாக வரைந்து முழுக் காட்சியையும் உள்ளே அடக்கியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவனும் கல்லும் பள்ளமும் அதே அளவில் இருக்க, பார்க்கிற ஜன்னல் மட்டும் சிறுத்துவிட்டது. ஓட்டமும் குதிப்பும் பழையபடியே இருக்கும், ஆனால் எதிரே வருவது கிட்டே வந்தால்தான் தெரியும். மேலேயும் கீழேயும் பார்க்க நின்று பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். எனக்கென்னவோ அவர்கள் செய்தது சரி என்றே படுகிறது. ஆளைச் சுருக்கினால் குதிப்பின் தாளம் போய்விடும்.

பிரான்ஸ் பிள்ளை இந்த ஜன்னலிலேயே ஆட்டத்தைப் பழகியவன். நான்கு அடி வைப்பான், நிற்பான், எட்டிப் பார்ப்பான், அப்புறம் குதிப்பான். என் மகன் கையில் வாங்கியதும் நிற்கவே இல்லை. எட்டாம் உலகத்து முதல் கட்டத்தில் பெரிய பள்ளம் ஒன்று வரும். நடுவில் ஒற்றைக் கல் அகலத்துக்குத்தான் கால் வைக்க இடம். அந்தச் சின்னத் திரையில் குதிக்கும்போது அந்தக் கல் கண்ணுக்குத் தெரியவில்லை. இவன் ஓடி வந்த வேகத்திலேயே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் குதித்தான். கல் வந்து காலடியில் சேர்ந்தது. மறுபடி குதித்தான்.

"அண்ணா, எப்படித் தெரியும்?" என்று அந்தப் பிள்ளை மழலைத் தமிழில் கேட்டான்.

"அங்கதாண்டா இருக்கு. எங்க போயிடப் போவுது?"

அன்று ராத்திரி கரண்ட் போனது. நான் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்தவர், கூடத்தைத் தாண்டி, தாழ்வாரத்துத் தூணைச் சுற்றி, இரண்டாம் கட்டு வாசலில் தலையைக் குனிந்து உள்ளே போனார். அந்த நிலை தாழ்வானது, புதிதாக வருகிற யாரும் இடித்துக்கொள்ளாமல் தப்பியதில்லை. 28 வருஷத்தில் இடையில் மூன்றே தடவை வந்து போனவர். முற்றத்து வானவெளிச்சத்தில் நிழலாகத்தான் தெரிந்தார், ஆனால் அந்தக் குனிவை நன்றாகவே பார்த்தேன். செம்புச் சத்தம் கேட்டது. நான் மெழுகுவர்த்தியை ஏற்றவில்லை.

என் மகன் கர்வப்பட்டதும் நீடிக்கவில்லை. அந்த டீலக்ஸ் கேசட்டில் 3 லட்சம் புள்ளி எடுத்தால் இன்னொரு ஆட்டம் திறக்கும். 1986ல் ஜப்பானில் மட்டும் வந்த இரண்டாம் பாகம் அது. ரொம்பக் கடினம் என்று அப்போது வெளிநாட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். பார்வைக்கு அதே கல், அதே மேகம், அதே குழாய். என் மகன் பழைய நினைப்பில் முதல் கல்லை முட்டி, வெளியே வந்த காளானை ஓடிப்போய்ப் பிடித்தான். செத்துப்போனான்! விஷக் காளான். பிரான்ஸ் பிள்ளை திண்ணையில் புரண்டு புரண்டு சிரித்தான். அதற்கப்புறம் இந்தப் பெரிய ஆட்டக்காரனுக்கு அந்தச் சின்னப் பையன்தான் வழி சொல்லிக் கொடுத்தான். எங்கே எதைத் தொடக் கூடாது, எதை நம்பக் கூடாது என்று. ஒரு வாரம் எங்கள் வீட்டில் பிரெஞ்சும் தமிழும் கலந்து ஓயாத கூச்சல்.

கைப்பெட்டியில் இன்னொரு வசதியும் இருந்தது. நடுவில் நிறுத்திச் சேமித்து வைக்கலாம். கரண்டைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு இடத்தை அந்தப் பிள்ளை என் மகனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருந்தான். புறப்படுகிற அன்று ராத்திரி சென்னை விமான நிலையத்துக்குப் போக வேன் வந்து ஹாரன் அடிக்கிறது, இவன் எட்டாம் உலகத்து மூன்றாம் கட்டத்துக்கு வந்து நிற்கிறான். சேமித்துவிட்டுக் கையில் கொடுத்தான். அந்தப் பிள்ளை, "நான் அழிக்க மாட்டேன்" என்றான்.

அடுத்த வருஷம் அண்ணனின் பங்கு விற்றுப்போனது. வாங்கியவர் நல்ல மனிதர், இன்றும் அண்டை வீட்டுக்காரராக ஒரு குறையும் இல்லை. முற்றத்துக்குக் குறுக்கே சுவர் வந்தது, திண்ணையும் இரண்டானது. மேற்கு ஓரம் அவர் பக்கம். எனக்கும் அண்ணனுக்கும் சண்டை எதுவும் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பேசினோம், ஆனால் பேச இருந்ததெல்லாம் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அவர் அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. 2016ல் அங்கேயே காலமானார்.

2019ல் அந்தப் பிள்ளை வந்தான். முப்பதைத் தாண்டியவனைப் பிள்ளை என்கிறேன். மாங்கனித் திருவிழா நேரம், அம்மையார் கோயில் பக்கம் கால் வைக்க இடமில்லை. சென்னையிலிருந்து என் மகனும் வந்திருந்தான். பையைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்து, "அண்ணா, உன் ஆட்டம் இருக்கு" என்றான். அண்ணன் தம்பி இருவரும் தெருவில் இறங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்கள். மூன்றாம் கட்டம், அப்படியே இருந்தது.

அந்தச் சேமிப்பு எப்படி நிற்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளக்கினான். கேசட்டுக்குள் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு லித்தியம் செல் இருக்கிறது. அது கொடுக்கிற துளி மின்சாரத்தில்தான் நினைவு உயிரோடு இருக்கும். பதினைந்து, இருபது வருஷம் தாங்கும், செல் செத்தால் எல்லாம் அழிந்துவிடும். கெடு நெருங்கிவிட்டது. செல்போன் ரிப்பேர் கடை ஒன்றுக்கு மூவரும் போனோம். கடைப் பையன் திறந்து பார்த்துவிட்டு, "பத்து வச்சுப் புதுசு போட்டுடலாம் சார். ஆனா பழச எடுத்த உடனே உள்ள இருக்குறது எல்லாம் போயிடும். பரவாயில்லையா?" என்றான்.

"போட்டுடுங்க" என்றான் என் மகன். "அதுல என்ன இருக்கு, பாதி ஆட்டம்."

"வேணாம்" என்றான் மற்றவன். திருகாணியை மறுபடி மாட்டச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டான்.

கேசட்டிலிருப்பதைக் கணினிக்கு நகல் எடுக்கிற கருவி இப்போது கிடைக்கிறதாம். அதை வாங்கி நகல் எடுத்துவிட்டதாகப் போன மாதம் போட்டோ அனுப்பியிருந்தான். திரையில் மாரியோ கட்டத்தின் தொடக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான் படம். என் மகன் அன்று காரைக்காலில் இருந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை ஒரு பார்வை பார்த்தான், உடனே போன் போட்டான்.

"டேய், முதல்ல பீரங்கி வரும், அதக் குனிஞ்சு விட்டுரு. அப்புறம் சுத்தியல்காரனுங்க ஜோடி ஜோடியா வருவானுங்க. நின்னு பாக்காத. கீழ பூந்து ஓடிடு."