பத்து நாளில் ஒரு சைக்கிள் தேசம்

மே மாதம் பிறந்தால் நெதர்லாந்துக்கு இரண்டு வகைக் கூட்டம் வரும். துலிப் மலர்களின் கடைசி வாரத்தைப் பிடித்துவிட ஓடிவரும் சுற்றுலாப் பயணிகள் ஒரு பக்கம். அமெரிக்க வணிகக் கல்லூரி மாணவர்கள் இன்னொரு பக்கம். மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு நாட்கள் தங்குவார்கள். ‘நீடித்த போக்குவரத்துத் தொழில்கள்’ என்பது போல ஒரு தலைப்பு, மூன்று கிரெடிட், ஒரு பேராசிரியர், இருபது இருபத்தைந்து பேர். ஊர் திரும்பி ஒரு குழு அறிக்கை கொடுத்தால் பாடம் முடிந்தது.

மின்வாகன சார்ஜிங் கம்பங்களுக்கு மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகமும் அவர்கள் பட்டியலில் ஒரு நிறுத்தம். விற்பனைப் பிரிவினருக்கு நேரமில்லாத நாட்களில் நாற்பது நிமிடம் பேச என்னை அனுப்பிவிடுவார்கள். கரியமில வாயுவைக் குறைப்பது எப்படி என்று படிக்க அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்து வருகிறார்கள் பார் என்று மதியச் சாப்பாட்டு மேசையில் வருடா வருடம் யாராவது சிரிப்பார்கள். நியாயமான கேலிதான். ஆனால் எனக்குள் ஓடுவது வேறு கேள்வி. இந்தப் பத்து நாளில் நாங்கள் அவர்களுக்கு எதைக் காட்டுகிறோம், எதைக் காட்டாமல் விடுகிறோம்?

உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கும் சைக்கிள் நிறுத்தத்தைக் கட்டாயம் காட்டுவோம். 2019-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மூன்று தளங்கள், சுமார் 12,500 சைக்கிள்கள், முதல் 24 மணி நேரம் இலவசம். சைக்கிளை விட்டு இறங்காமலேயே உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். மாணவர்கள் வாய்பிளந்து படம் எடுப்பார்கள். பிறகு ஹெல்மண்டில் வாகனத் தொழில்நுட்ப வளாகம், ஆம்ஸ்டர்டாமில் ஒன்றிரண்டு ஸ்டார்ட்-அப்கள், நடுவில் நாங்கள்.

என் பேச்சில் தவறாமல் வருவது ஓ.சி.பி.பி. என்ற நெறிமுறை. சார்ஜிங் கம்பமும் அதை நிர்வகிக்கும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழி அது. கம்பம் விழித்ததும் ‘நான் வந்துவிட்டேன்’ என்று சொல்லும். அவ்வப்போது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று தகவல் அனுப்பும். யார் கார் செருகினார்கள், எவ்வளவு மின்சாரம் போனது என்று கணக்கு கொடுக்கும். 2009-ல் இந்த நாட்டின் மின்வலையமைப்பு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு இதைத் தொடங்கியது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒருவர் செய்த கம்பத்தில் இன்னொருவரின் மென்பொருள் ஓடும். எங்கள் சேவை பிடிக்கவில்லை என்றால் நகராட்சி கம்பத்தைப் பிடுங்காமலேயே எங்களை மாற்றிவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு கை உயரும். “அப்படியென்றால் போட்டியாளர் உள்ளே வராமல் தடுக்க உங்களிடம் என்ன அரண் இருக்கிறது?”

அரண் இல்லை என்பேன். இல்லாததால்தான் இந்தச் சிறிய நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் பொதுச் சார்ஜிங் புள்ளிகள் வந்தன. மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், ஆனால் முகத்தில் திருப்தி இருக்காது. அவர்கள் படித்த பாடத்தில் அரண் இல்லாத கோட்டை கோட்டையே அல்ல.

அரண் கட்டியவர்களின் கதையும் இங்கே உண்டு. ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப், அழகான மின்சைக்கிள்கள் செய்த நிறுவனம், 2023 ஜூலையில் திவாலானது. உதிரிபாகங்கள் அவர்களுடையவை, பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவியும் அவர்கள் சர்வரில். சர்வர் நின்றுபோனால் சைக்கிளைத் திறக்க முடியுமா என்று வாடிக்கையாளர்கள் பயந்தார்கள். கடைசியில் போட்டி நிறுவனமான கவ்பாய், அந்தச் சாவியை எடுத்துப் பத்திரப்படுத்த ஒரு செயலி வெளியிட்டது. இதைச் சொன்னால் வகுப்பு விழித்துக்கொள்ளும். தோல்வியடைந்த நிறுவனம் ஒன்றைப் பயணப் பட்டியலில் சேர்க்க முடியாது என்பதுதான் சிக்கல். மூடிய கதவுக்குப் பின்னால் காபி கொடுக்க யார் இருப்பார்கள்?

ஆனால் இவையெல்லாம் பொருட்களின் கதை. இந்த நாடு சைக்கிளுக்குத் திரும்பியது பொருட்களால் அல்ல. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இங்கேயும் கார்தான் ராஜா. தெருக்களை அகலப்படுத்தினார்கள், கால்வாய்களை மூடினார்கள். 1971-ல் மட்டும் 3,000-க்கும் அதிகமானோர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். விக் லாங்கென்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அந்த ஆண்டு இறந்தாள். அடுத்த ஆண்டு அவர் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்று தலைப்பிட்டு எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டபோது, காலியான நெடுஞ்சாலையில் குழந்தைகள் விளையாடினார்கள். கார் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

பிறகு வந்தது மெதுவான வேலை. குடியிருப்புத் தெருக்களில் நடப்பவருக்கே முதலிடம் என்ற விதி 1976-ல் சட்டமானது. இன்றைய சாலைச் சட்டப்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கார் மோதினால் ‘பிள்ளை பார்க்காமல் வந்துவிட்டது’ என்று சொல்லி நஷ்டஈட்டிலிருந்து தப்ப முடியாது. உட்ரெக்டில் கதரைனசிங்கல் கால்வாயை மூடி எழுபதுகளில் வாகனச் சாலை போட்டார்கள். 2002-ல் நகர மக்கள் வாக்களித்தார்கள். 2020-ல்தான் தண்ணீர் முழுதாகத் திரும்பி வந்தது. சாலையைத் திரும்பக் கால்வாயாக்கப் பதினெட்டு வருடம். எந்த முதலீட்டாளர் அவ்வளவு காலம் காத்திருப்பார்?

போன வருடம் பேச்சு முடிந்ததும் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான்.

“அண்ணா, நீங்க தமிழா?”

“ஆமாப்பா, திண்டுக்கல். நீங்க?”

“கோயம்புத்தூருங்ண்ணா. ஒண்ணு கேக்கலாங்களா? இதுல காசு எங்கங்ண்ணா இருக்கு?”

கடன் வாங்கி எம்.பி.ஏ. படிக்கிறவன். இந்தப் பயணத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்டியிருக்கிறான். அவன் கேட்பதில் தப்பே இல்லை.

“கம்பத்துல கொஞ்சம் இருக்கு. பெரும்பாலும் ரோட்டுல இருக்கு. ஆனா ரோடு நகராட்சியோடது” என்றேன்.

“அப்ப என்னை மாதிரி ஆளுக்கு இங்க என்னங்ண்ணா வேல?”

இருவரும் கால்வாய்ப் பக்கம் நடந்தோம். லாங்கென்ஹாஃப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவன், “ஸ்கூல் படிக்கறப்ப அவிநாசி ரோட்டுல சைக்கிள் ஓட்டக்கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க. அப்பாதான் வண்டில கொண்டாந்து விடுவாரு. சைக்கிள் மொட்டமாடில கெடந்து துருப்புடிச்சுப் போச்சு” என்றான்.

பயம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். இங்கே பெற்றோர் காரை ஓரம் போகச் சொன்னார்கள், நாம் பிள்ளையை ஓரம் கட்டினோம். அவன் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. தனியாக ஒரு அப்பா வேறென்ன செய்வார்? இங்கேயும் தனியாக யாரும் செய்யவில்லை, சேர்ந்துதான் செய்தார்கள்.

அவன் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இருக்கவில்லை. நகராட்சிகளுக்கும் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும், டெண்டரில் திறந்த நெறிமுறை வேண்டும் என்று ஒரு வரி எழுதத் தெரிந்தவர் வேண்டும், அந்த வேலையில் பெரிய சம்பளம் இருக்காது என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, “லோன் அடச்சுட்டு வாறேங்ண்ணா” என்றான்.

இந்த வருடம் என் நாற்பது நிமிடத்தில் இருபதை அலுவலகத்தில் பேசிவிட்டு, மீதியைக் கால்வாய்க் கரையில் வைத்துக்கொள்ளலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். குடை கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன்.