துள்ளும் கன்றுகள்



எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் மல்கியா 4-ஆம் அதிகாரத்தை ஆங்கிலத்தில் வாசித்தோம். ஒரு தம்பியின் கையில் இருந்தது 1901-ஆம் ஆண்டின் அமெரிக்கத் திருத்திய மொழிபெயர்ப்பு. இரண்டாம் வசனத்தில் அவர் 'கேம்பல்' என்று வாசித்ததும் மற்றவர்கள் நகைத்தனர். "பாஸ்டர், வேதம் சூதாடச் சொல்லுகிறதா?" என்று ஒருவர் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஒலியில் இரண்டு சொற்களும் ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு. சூதாட்டத்தைக் குறிக்கும் சொல் 'பி, எல், இ' என முடியும். அது 'கேம்' என்னும் விளையாட்டுச் சொல்லுக்கு உறவு. மல்கியாவில் வருவதோ 'பி, ஓ, எல்' என முடியும் வேறொரு சொல். காலைக் குறிக்கும் 'காம்பா' என்னும் இத்தாலியச் சொல்லே அதன் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. ஆட்டுக்குட்டியும் கன்றும் சிறுபிள்ளையும் மகிழ்ச்சி மிகுதியால் குதித்தாடுவதை அது குறிக்கும். இரையைத் துரத்துவதற்கோ, பந்தயத்தில் முந்துவதற்கோ அச்சொல் வழங்குவதில்லை. நம் தமிழில் அது 'துள்ளல்'.

1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலும் நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் இவ்விடத்தில் கன்றுகள் 'வளருகின்றன'. மூல எபிரெயச் சொல்லோ துள்ளிப் பாய்வதைக் குறிப்பது. ஆகவே பின்வந்தோர் அதைத் திருத்தினர். தொழுவத்தில் கட்டுண்டு கிடந்த கன்று, கயிறு அவிழ்ந்தவுடன் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

ஊரை விட்டு நகரத்துக்கு வந்த நம்மில் அநேகர் ஒற்றை அறைக்குள் வாழ்கிறோம். பிள்ளை குதித்தால் கீழ்வீட்டார் கோபிப்பார்கள். "துள்ளுகிற மாடு பொதி சுமக்கும்" என்று அதட்டி உட்காரவைக்கிறோம். நாளடைவில் நம்முடைய துள்ளலும் அடங்கிப்போகிறது. வேலை, வாடகை, கடன் என்று தலை குனிந்தே நடக்கிறோம்.

தீர்க்கதரிசியோ, நீதியின் சூரியன் உதித்ததின் அடையாளமாகத் துள்ளலையே காட்டுகிறார். சூதாடுகிறவன் இனி கிடைக்கப்போவதை நம்பிக் கையிலுள்ளதை இழக்கிறான். கன்றோ தான் ஏற்கெனவே பெற்ற விடுதலைக்காக மகிழுகிறது. ஒலி ஒன்றானாலும் வழி இரண்டு.

பெற்றோரே, வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளைத் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் மனமாரத் துள்ளட்டும். கயிறு அவிழ்க்கப்பட்டவர்கள் நாமும் அல்லவா?