அக்காவின் முதல் ஆண்டு

செவிலியர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது வெள்ளுடையும் புன்முறுவலும், கையில் விளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையாரும்தான். மேடையில் பேசுவோர் அந்த விளக்கை விடுவதேயில்லை. ஆனால் அதே அம்மையார் 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, சேர்ந்த பெண்களை ஓராண்டுக் காலம் வார்டிலேயே, மூத்த சிஸ்டர்களின் கண்பார்வையில் பழக்கினார் என்பதை யாரும் சொல்வதில்லை. விளக்கைக் காட்டிலும் அந்த ஓராண்டுதான் பெரிது என்று எனக்குத் தோன்றக் காரணம் என் அக்கா.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அம்மா களையெடுக்கப் போகிறவர். வங்கிக் கடனில் நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் பெயர் இங்கு வேண்டாம். ஊரார் 'நர்சம்மா' என்று அழைக்கத் தொடங்கினார்கள். என் புத்தகச் செலவும் தேர்வுக் கட்டணமும் அவள் சம்பளத்தில்தான்.

சேர்ந்த இரண்டாம் வாரமே இரவு டூட்டி. ஒரு வார்டு முழுவதும் அவள் பொறுப்பு. 500 மில்லி சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை? ஏறத்தாழ 21. வேதியியல் படிக்கும் நான் இந்தக் கணக்கை விடுதி மேசையில் அமர்ந்து கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவேன். ஒரு படுக்கையில் மூச்சுத் திணறல், மறு படுக்கையில் வந்தவரின் கூச்சல், மேசையில் தொலைபேசி. இவற்றின் நடுவே நின்று போட்டுப் பார்க்கட்டும் யாராவது!

இன்சுலின் கதை இன்னும் கொடிது. நம் நாட்டில் அது மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை வலிமையில் கிடைக்கிறது. சிரிஞ்சும் தனித்தனி: முன்னதற்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் உடலில் இரண்டரை மடங்கு ஏறிவிடும். அக்காவுக்கு இது தெரியாமலில்லை, தேர்வில் எழுதியவள்தான். ஆனாலும் அன்றிரவு கை நடுங்கியது. அடுத்த வார்டு சிஸ்டரிடம், "ஒரு தடவை பாருங்கக்கா" என்று நீட்டியிருக்கிறாள். "நாலு வருஷம் என்னத்தப் படிச்சே?" என்று பதில் வந்ததாம்.

அதன்பின் அவள் யாரிடமும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் அழுததைவிட இதுதான் எனக்கு அச்சமூட்டியது. மூன்றாம் மாதம், "ஜவுளிக்கடையில பில் போடப் போறேன்" என்றாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. கடன் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பெட்டியில் வைத்தார்.

இது அவள் ஒருத்தியின் கோழைத்தனம் அன்று. மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1974-லேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். பள்ளியில் கற்ற பணிக்கும் வார்டில் கண்ட பணிக்கும் உள்ள தூரம் புதிய செவிலியரை அதிரச் செய்து, வேலையை விட்டே ஓட வைக்கிறது என்பது அவர் கண்டது. 1984-இல் பட்ரீசியா பென்னர் இன்னொன்று சொன்னார். செவிலியர் ஐந்து படிகளில் வளர்கிறார். எது முதலில், எது பிறகு என்று உடனே உணரும் கண் அனுபவத்தால் மட்டுமே வரும். 'நாலு வருஷம் என்ன படிச்சே' என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தக்க பதில் ஏது?

அக்காவைக் காப்பாற்றியது நூல் அன்று. நான்காம் மாதம் வேறு வார்டுக்கு மாற்றினார்கள், அங்கிருந்த இன்சார்ஜ் சிஸ்டர்தான். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். ஆறு வாரம் தம்முடைய ஷிப்டிலேயே அவளைப் போட்டுக்கொண்டார். முதலில் நான்கு படுக்கை, பிறகு ஆறு. ஒரு நோயாளி இறந்த அன்று, பத்து நிமிடம் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்; பிறகு உடலைத் துடைத்து உறவினரிடம் ஒப்படைப்பது வரை கூடவே நின்றார். எல்லாவற்றிலும் மேலாக, தாம் மருந்து எடுத்த சிரிஞ்சை அக்காவிடம் நீட்டி, "அம்மாடி, சரியா இருக்கான்னு பாரு" என்பாராம். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரே கேட்கிறார்! அன்றுதான் அக்காவுக்கு மீண்டும் வாய் திறந்தது.

ஆனால் இப்படி ஒருவர் வாய்த்தது அதிர்ஷ்டம். ஜப்பானில் 2010 முதல் புதிய செவிலியருக்குப் பயிற்சியளிக்க மருத்துவமனைகள் முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு பெண்ணையும் அவள் கையில் இருக்கும் உயிர்களையும் விடக் கூடாது என்று அங்கே உணர்ந்திருக்கிறார்கள். ஒரு மூத்தவரை ஓராண்டுக்குத் துணையாக அமர்த்தி, கற்பிக்கும் நேரத்தையும் அவருடைய வேலையாகவே கணக்கிட்டால் போதும். அந்த இன்சார்ஜ் அம்மா அதைத் தம் வேலைக்கு மேல் வேலையாகத்தான் செய்தார்.

வீட்டிலும் நாங்கள் சில கற்றுக்கொண்டோம். இரவு டூட்டி முடித்து வரும் நாளில் அம்மா சன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டிவிடுவார். உறவினர் வந்தாலும் எழுப்புவதில்லை. இன்ஜெக்ஷன் போட வரச் சொல்லும் பக்கத்து வீட்டாரை அப்பாவே திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்போது அக்காவுக்கு இரண்டாம் ஆண்டு. வார்டில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம். பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்டேன். "அவளுக்கு அன்னிக்குத்தான் முதல் நைட் டூட்டி, நான் மாத்திப் போட்டுக்கிட்டேன்" என்றாள். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.