வலியறிதல்

பழந்தமிழில் 'வலி' என்றால் வலிமை. குறளின் 48-ஆம் அதிகாரமான வலியறிதல் பேசுவதும் அதைத்தான். இன்று அச்சொல்லை நோவுக்கே வழங்குகிறோம். நோவை அறியும் கலை மட்டும் நம்மிடையே வளரவில்லை.

உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வினாநிரல், வலியைச் சொல்லும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கித் தருகிறது. தமிழுக்கும் குறைவில்லை: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இசிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் நீண்ட வரிசையில் இவையெல்லாம் 'வலிக்குது' என்ற ஒற்றைச் சொல்லாய்ச் சுருங்கிவிடுகின்றன.

எங்கள் பெரியப்பா குழித்தறி நெசவாளி. இடுப்புக் குடைச்சலுக்காக அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "குடிப்பீர்களா?" என்றார் மருத்துவர். அருகில் மருமகள் நின்றிருந்தாள். "இல்லீங்க" என்றார் பெரியப்பா. வலி மாத்திரைகளோடு திரும்பினோம். இரைப்பையில் குருதி கசிந்து மலம் கறுத்த பிறகே, இரவுதோறும் மதுவோடு சேர்த்து அவற்றை விழுங்கியது தெரியவந்தது. குடைச்சல் தாளாமல்தான் குடித்தாராம்.

ஜான் யூவிங் என்ற மருத்துவர் 1984-இல் நான்கு கேள்விகளை வெளியிட்டார். குடியைக் குறைக்க நினைத்ததுண்டா? பிறர் குறைகூறி எரிச்சல் வந்ததுண்டா? குற்றவுணர்வு கொண்டதுண்டா? காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? எவ்வளவு குடிக்கிறாய் என்ற விசாரணை அவற்றில் இல்லை. ஆகவே பொய்சொல்லும் தேவையும் குறைவு. மருமகளைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, இந்நான்கோடு 'எப்படி வலிக்கிறது?' என்றும் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

கள்ளுண்ணாமையை வள்ளுவர் 93-ஆம் அதிகாரத்தில் வைத்தார். உழைத்துத் தேய்ந்த உடம்பிலோ வலிக்கும் கள்ளுக்கும் இடையே அத்தனை தொலைவில்லை.