வரலாறு சொல்வதும் கதை சொல்வதும்

விருதுநகரை அடுத்த சூலக்கரையிலிருந்து இவ்வரிகளை எழுதுகின்றோம். இங்கிருந்து கிழக்கே சென்றால் கமுதி. மேற்கே சென்றால் சிவகாசி. தெற்கே கோவில்பட்டியைக் கடந்து திரும்பினால் கழுகுமலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஐந்தே ஆண்டுகளுக்குள், இம்மூன்று ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இரத்தத்தையும் வழக்கையும் கண்டன. வழி பற்றியும் வாசல் பற்றியும் எழுந்த சண்டைகள் அவை. நம் இளைஞர் மன்றத்தார் ஒரு மாலை, "சாமி, நடந்ததை அறிய வரலாறு இருக்கின்றதே, பிறகு நாவல் எதற்கு?" என்று வினவினர். அன்று சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதத் துணிகின்றோம்.

முதலில் கழுகுமலை, ஏனெனில் அதில் நம் திருச்சபைக்கும் பங்கு உண்டு. அவ்வூர் நாடார் மக்கள் தேரோடும் வீதிகளில் தங்கள் திருமண ஊர்வலம் செல்ல உரிமை கேட்டனர். வீதிகள் கோயிலுக்கு உரியவை என்று எட்டயபுரம் ஜமீன் தரப்பு மறுத்தது. வழக்கு நடந்தும் வழி திறக்கவில்லை. பின்னர் அவர்களுள் ஒரு பகுதியினர் கத்தோலிக்க மறையைத் தழுவி, தேர் வீதியிலேயே ஜெபக்கூடம் ஒன்றை அமைத்தனர். 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் குருத்து ஞாயிறு. கோயில் தேர்த்திருவிழாவும் அவ்வேளையில் வந்து கூடிற்று. கிறிஸ்தவர்கள் இட்டிருந்த பந்தல் தேரின் வழியை மறிக்கின்றது என்று பூசல் எழுந்தது. கத்தி வந்தது, நெருப்பும் வந்தது. ஜமீன் மேலாளரும் நாடார்கள் பலருமாக ஏறத்தாழப் பத்துப் பேர் மாண்டனர்.

இம்மக்கள் ஞானஸ்நானத்தில் இயேசுவைத் தேடினரா, வீதியைத் தேடினரா என்று குருமடத்தில் நாம் பயின்ற நாளில் சூடாக விவாதிப்போம். இன்று அவ்வினாவே நமக்குச் சற்று அற்பமாகத் தோன்றுகின்றது. தன் மகளை மணக்கோலத்தில் தன் ஊர் வீதி வழியே அழைத்துச் செல்ல ஒரு தகப்பன் விரும்பியதில் இறைவனுக்கு இடமில்லை என்று யார் துணிந்து சொல்வார்? அதே வேளையில், குருத்தோலை ஏந்திய நாளில் அப்பந்தலைச் சிறிது உள்ளே தள்ளிக் கட்டியிருக்கலாகாதா என்ற ஏக்கமும் எழாமலில்லை.

வரலாற்று ஏடுகளில் இச்செய்திகள் யாவும் உள. ஆனால் அவை பந்தலின் நீளத்தைப் பற்றியே பேசும். சண்டையிடுவோர் எழுத்தில் வைப்பது எப்பொழுதும் கண்ணியமான காரணத்தையே. அதைத்தான் நம் மக்கள் சாக்கு என்பர்.

கமுதியைப் பாருங்கள். 1897 மே 14-ஆம் நாள் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் கேட்கப்பட்டவற்றுள் ஒன்று, கோயிலைச் சுத்திசெய்யும் சடங்குகளுக்கான செலவு. மனிதர் நுழைந்ததால் உண்டான 'தீட்டு' ரூபாய்க் கணக்காகி நீதிமன்றம் ஏறியது. மதுரையிலும் சென்னையிலும் நாடார்கள் தோற்று, இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் 1908-இல் தோற்றனர். இரு தரப்பாரும் சாத்திரங்களையும் புராணங்களையும் பழைய இலக்கியங்களையும் சாட்சிக் கூண்டில் நிறுத்தினர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இலக்கியம் எப்பொழுதும் ஓரமாக நிற்கும் கண்ணாடி அன்று. சண்டைக்கு ஆயுதமாகவும் அதனை எடுத்துச் செல்வர். 1849-இல் கால்டுவெல் அச்சமூகத்தைப் பற்றி எழுதிய நூல், அம்மக்கள் மனத்தில் உண்டாக்கிய புண் பல்லாண்டு ஆறவில்லை. எழுதியவர் அவர்களிடையே உழைத்த மறைப்பணியாளரேயாவார்.

அந்தச் சேதுபதி மன்னர் யார்? 1893-இல் விவேகானந்தர் சிகாகோ செல்லப் பெருந்துணை புரிந்தவர். மதங்கள் யாவும் ஒரே உண்மையைத் தேடுகின்றன என்று முழங்கிய துறவியை வணங்கி வரவேற்ற அதே கை, கமுதி வழக்கில் கையெழுத்திட்டது. இவரை நல்லவர் என்பதா, தீயவர் என்பதா? வரலாற்று மாணவன் இரண்டு செய்திகளையும் இரு வேறு பக்கங்களில் எழுதிவிட்டுப் போகலாம். கதாசிரியனுக்கோ அந்த வசதி இல்லை; இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்துக் காட்டியாக வேண்டும்.

1899 ஜூன் 6-ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைச் சூழ்ந்து தாக்கினர். சுற்று வட்டாரத்தில் எரிந்த சிற்றூர்கள் பல. எரிந்த அதே ஊரிலிருந்து 1922-இல் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து ஊரையே மாற்றினர் என்பது வேறு கதை. அதனை இவ்வட்டாரத்தில் அறியாதார் இல்லை.

இக்கலகங்களை வைத்துப் பூமணி என்னும் எழுத்தாளர் 'அஞ்ஞாடி' என்ற பெருநாவலை 2012-இல் வெளியிட்டார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் பிறந்தவர் அவர். பழைய ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் தேடிப் படித்து எழுதினாராம். ஆயினும் நாவல் ஜமீன்தாரிலோ நீதிபதியிலோ தொடங்கவில்லை. சிறு பிராயம் முதல் நண்பர்களான ஓர் உழவுத் தொழிலாளியும் ஒரு சலவைத் தொழிலாளியுமே அதன் வாசல். விதைப்பு, வெள்ளாவி, பஞ்சம், பிள்ளைப்பேறு என்று பக்கங்கள் செல்கின்றன; அவற்றின் நடுவே கலகம் வந்து விழுகின்றது. நமக்கு மிகவும் உறைத்தது இதுவே: நேற்றுவரை கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த முகங்கள்தாம் பந்தம் பிடித்து வருகின்றன. வழக்கேட்டில் அவர்கள் வாதியும் பிரதிவாதியும். நாவலில் அண்டை வீட்டார். வட்டார மொழி முதலில் சற்றுக் கடினமாயிருக்கும்; நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் பாட்டியை அருகில் வைத்துக்கொண்டு படித்தல் நலம்.

மிலான் நகரில் 1630-ஆம் ஆண்டுக் கொள்ளை நோயின்போது, நஞ்சு பூசி நோயைப் பரப்பினர் என்று குற்றமற்றவர்களை நீதிபதிகள் வதைத்துக் கொன்றனர். அந்நகரத்துக் கத்தோலிக்கரான மன்சோனி அக்கொள்ளை நோயைத் தம் நாவலில் தீட்டிய பின்னும் மனம் ஆறாமல், வழக்குப் பதிவுகளைத் துருவித் தனி நூலே எழுதினார். அச்சம் கொண்ட மனிதன் நீதியின் பெயராலேயே அநீதி செய்வான் என்பது அவர் கண்டது. கரிசல் காட்டுக்கும் மிலானுக்கும் தொலைவு அதிகமில்லை.

இதுவரை நாம் அடிபட்டோர் பக்கம் நின்று பேசினோம். அடிபட்டவன் கையில் பிரம்பு வந்தால் என்ன செய்வான் என்பதையும் பேச வேண்டும். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளம் ஆலயத்துக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. கௌசானல் அடிகளார் காலத்தில், 1910-ஐ ஒட்டி அது இடிக்கப்பட்டபோது, வழக்கம் என்ற சாக்குடன் கிறிஸ்தவர்களே நீதிமன்றம் சென்று தோற்றனர்.

சுவர் போயிற்று, ஆனால் நம் விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, துறவற சபையில் சேர்ந்து பின் விலகி வந்தவர், 1992-இல் 'கருக்கு' எழுத நேர்ந்தது. பெயர் பனைமட்டையின் இருபுறக் கூர்மையைக் குறிப்பது. தலித் கத்தோலிக்கர் கோவிலிலும் பள்ளியிலும் மடத்திலும் பட்டதை அவர் மறைக்கவில்லை. நூல் வந்தபோது சொந்த ஊராரே சினந்தமையால் சிலகாலம் ஊருக்குள் செல்ல இயலாதிருந்தார். நம் குருக்கள் சிலர் இந்நூலைத் திருச்சபைக்கு எதிரானது என்று ஒதுக்கக் கேட்டிருக்கின்றோம். நாம் அவ்வாறு கருதவில்லை. மறைமாவட்ட ஏடுகளில் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம் என்ற எண்ணிக்கை இருக்கும்; கடைசி வரிசையில் நின்றவர் மனத்தில் என்ன ஓடிற்று என்பது அங்கே இராது. அதனைப் பாமா எழுதித் தந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில் (ஊர்ப்பெயர் வேண்டாம்) திருவிழாக் கூட்டம் கூடியது. காலனித் தெருவுக்கும் தேர் வரவேண்டும் என்று அத்தெரு இளைஞன் ஒருவன் எழுந்து கேட்டான். கமிட்டிப் பெரியவர் ஒருவர் மிகுந்த பரிவோடு, "தம்பி, வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல. தெரு குறுகல், தேர் திரும்பாது, அவ்வளவுதான்" என்றார். பலர் தலையசைத்தனர். அப்பெரியவரின் முன்னோர் கழுகுமலைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அந்தக் குருத்து ஞாயிற்றுக் கதையை நமக்கு முதன்முதலில் கண்ணீரோடு சொன்னவரே அவர்தாம்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் கோவில்பிள்ளையிடம் அளவுநாடாவை எடுத்துவரச் சொல்லி, பெரியவரையும் அவ்விளைஞனையும் உடன் அழைத்துச் சென்றோம். இளைஞன் ஒரு முனையைப் பிடித்தான். மறு முனையைப் பெரியவரிடம் கொடுத்தோம். தேரைவிடத் தெரு நான்கடி அகலம் கூடுதலாயிருந்தது. அவர் நாடாவை இரண்டு முறை உற்றுப் பார்த்தார். பின்னர் திருப்பத்தில் நின்ற மின்கம்பத்தைக் காட்டி, "அது இடிக்கும் சாமி" என்றார். கம்பத்தையும் அளந்தோம்.

அவ்வாண்டுத் தேர் காலனித் தெருவுக்குச் செல்லவில்லை. மறு ஆண்டு சென்றது. வடம் பிடித்தோருள் அப்பெரியவரின் பேரனும் இருந்தான். அவர் மட்டும் உடல்நலமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.